செருப்பு கழன்றது தெரியாத கால்

என் சித்தப்பா பாலக்கோடு தக்காளி மண்டியில் இருபது வருஷமாகச் சுமை தூக்குகிறவர். போன வருஷம் ஒரு நாள் மத்தியானம் ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இன்னொரு செருப்பு வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. சித்தி பார்த்துக் கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி போனில் சொன்னார்: "எங்க கழண்டுச்சுன்னே தெர்லடா. காலு ரெண்டும் மதமதன்னு கெடக்குது. தரையில மிதிக்கிறனா பஞ்சுல மிதிக்கிறனான்னு தெர்ல."

தர்மபுரிக்காரருக்குக் கால் மரத்துப்போனால் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ரெடிமேடாக ஒன்று இருக்கிறது: தண்ணி. எங்கள் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். பழுப்பேறிய பல்லும் வளைந்த முதுகும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2013இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரைடு பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்துதான் இருக்கிறது. ஆகவே தெருவில் பாதிப்பேர் தண்ணி என்றார்கள். மீதிப்பேர் சுகர் என்றார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சுகர் இல்லை. "வயசாச்சு, சுமை தூக்கற ஒடம்பு" என்று ஒரு கிளினிக்கில் சத்து ஊசி போட்டார்கள். வாரம் ஒன்று, சிவப்பு ஊசி. ஆறு மாதம் இப்படியே போனது.

கடைசியாக தர்மபுரியில் ஒரு இளம் டாக்டர் கேட்டார்: "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க? எல்லா அட்டையையும் எடுத்துட்டு வாங்க."

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. நேற்றுவரை ஓடிய ஒன்று இன்றைக்கு விழுந்தால் முதலில் கேட்பது, "சமீபத்தில் எதை மாற்றினீர்கள்?" என்பதுதான். ஆறு மாதம், நாலு இடம், பத்துப் பதினைந்து ஆலோசனைகள். அந்த ஒரு கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நானும் கேட்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

சித்தப்பா ஒரு மஞ்சப்பையைக் கொண்டுபோய் மேஜைமேல் கவிழ்த்தார். காலி அட்டைகள். பெரும்பாலும் ஒரே மாத்திரை: ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் எந்த மருந்துக்கடையிலும் "லூஸ் மோஷன் மாத்திரை குடுங்க" என்றால் கத்தரியால் வெட்டிக் கொடுப்பார்களே, அந்த வகை. சித்தப்பாவுக்கு க்ரோன் நோய். குடலில் வரும் நாள்பட்ட அழற்சி அது. கொஞ்ச நாள் அடங்கியிருக்கும், பிறகு கிளம்பும். கிளம்பும்போதெல்லாம் சேலத்துக்குப் போய் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க ஒரு நாள் கூலியும் பஸ் காசும் ஃபீஸும் வேண்டும். மருந்துக்கடை மண்டிக்கு எதிரிலேயே இருக்கிறது. மாத்திரை போட்டால் இரண்டு நாளில் கொஞ்சம் கேட்கும். நிறுத்தினால் மறுபடி வரும். மறுபடி ஒரு அட்டை. இப்படி ஒரு வருஷத்துக்கு மேல்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மாத்திரைதான் அவர் காலை மரக்க வைத்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். டாக்டரும் செய்யவில்லை. க்ரோன் நோய் பெரும்பாலும் உட்காருகிற இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. பி12 வைட்டமினை உடம்பு உறிஞ்சிக்கொள்கிற இடமும் அதுவே. பி12 குறைந்தாலும் கால் மரக்கும். நோயே நேரடியாக நரம்பைத் தொடுவதும் உண்டு. ஆனால் இந்த நிச்சயமின்மை மாத்திரையைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாது. ஏற்கனவே பி12 குறைந்து நலிந்த நரம்பின் மேல் நரம்பைத் தாக்கக்கூடிய மருந்தும் போய் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எந்த நோயாளி விஷயத்தில் அதிக எச்சரிக்கை வேண்டுமோ, அந்த நோயாளிக்குத்தான் யாரும் எதுவும் சொல்வதில்லை. என் சண்டை இதோடுதான்.

மெட்ரோனிடசோல், டினிடசோல், ஆர்னிடசோல் எல்லாம் ஒரே குடும்பம். அமீபாவுக்கும், ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாவுக்கும் எதிரான அருமையான மருந்துகள். ஐந்து நாள், ஏழு நாள் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு வாய்க்கசப்போடு கதை முடியும். நாள் கூடக் கூடத்தான் கணக்கு மாறுகிறது. மெட்ரோனிடசோல் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மொத்த அளவு 42 கிராமைத் தாண்டியவர்களுக்கு நரம்புப் பாதிப்பு வெகுவாகக் கூடியிருந்தது. 400 மில்லிகிராம் மாத்திரையை வேளைக்கு ஒன்றாக மூன்று வேளை போட்டால் 35 நாளில் 42 கிராம் வந்துவிடும். 1985இல் வெளியான ஒரு ஆய்வில், க்ரோன் நோய்க்காக மாதக்கணக்கில் மெட்ரோனிடசோல் எடுத்த இளம் வயதினர் 13 பேரைப் பரிசோதித்தார்கள். 11 பேருக்கு நரம்புப் பாதிப்பு இருந்தது. அதில் சிலருக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லை, நரம்பின் வேகத்தை அளக்கும் டெஸ்டில்தான் தெரிந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் அது வெளிவந்து நாற்பது வருஷம் ஆகிறது.

உடம்பின் மிக நீளமான நரம்புகள் முதலில் அடிவாங்கும். அதனால்தான் பாதத்தில் ஆரம்பிக்கிறது. விரல் நுனி மரப்பு, ஊசி குத்தல், எரிச்சல், பிறகு மெல்ல மேலே ஏறும். அபூர்வமாகச் சிறுமூளையும் பாதிக்கப்பட்டுப் பேச்சு குழறி, நடை தள்ளாடும். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். மருந்தை நிறுத்தினால் சிறுமூளைப் பாதிப்பு பெரும்பாலும் சரியாகிவிடும். கால் நரம்பு மாதக்கணக்கில் இழுக்கும், சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. ஆகவே எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதுதான் எல்லாம்.

அட்டையில் இருந்த மற்ற மருந்து ஓஃப்ளாக்சசின். ஃப்ளூரோகுயினலோன் வகை. இந்த வகை மருந்துகள் நரம்பைச் சேதப்படுத்தக்கூடும், அது நிரந்தரமாகவும் இருக்கலாம் என்ற எச்சரிக்கையை வலுப்படுத்தச் சொல்லி அமெரிக்காவின் எஃப்டிஏ 2013இல் உத்தரவிட்டது. 2016இல் இன்னும் கடுமையாக்கியது. ஐரோப்பிய மருந்து முகமை 2018இல் இவற்றின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தச் சொன்னது. அதாவது எங்கள் மண்டிக்கு எதிரில் நரம்பெச்சரிக்கை உள்ள ஒரு மருந்தும், நரம்பெச்சரிக்கை உள்ள இன்னொரு குடும்பத்து மருந்தும் ஒரே மாத்திரையாக, சீட்டு இல்லாமல், சில்லறைக்குக் கிடைக்கிறது.

இதெல்லாம் புது ஆபத்து, இப்போதுதான் தெரிய வந்தது என்று யாராவது சொன்னால் அவர்களை ஜப்பானுக்கு அழைத்துப்போக வேண்டும். 1950களின் நடுவிலிருந்து அங்கே ஒரு மர்ம நோய் பரவியது. முதலில் வயிற்று வலி, பேதி. பிறகு கால் மரப்பு. பிறகு நடக்க முடியாமல் போவது. சிலருக்குக் கண் பார்வையும் போனது. ஸ்மான் என்று பெயர் வைத்தார்கள். தொற்றுநோய் என்று நம்பி நோயாளிகளை ஒதுக்கினார்கள். வைரஸ் கண்டுபிடித்துவிட்டதாகக்கூட ஒரு விஞ்ஞானி அறிவித்தார். அவமானத்திலும் வலியிலும் தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டு. பாதிக்கப்பட்டவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல்.

சில நோயாளிகளின் நாக்கும் சிறுநீரும் பச்சையாக மாறின. அந்தப் பச்சையை ஆராய்ந்தபோது அகப்பட்டது கிளியோகுயினால். வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் சர்வசாதாரணமாக வாங்கிய கிருமிக்கொல்லி. நீகாதா பல்கலைக்கழகத்தின் நரம்பியல் பேராசிரியர் தடாவோ ட்சுபாகி இந்த மருந்துக்கும் நோய்க்கும் இருந்த தொடர்பை முன்வைத்தார். 1970 செப்டம்பரில் ஜப்பான் அரசு விற்பனையை நிறுத்தியது. புது நோயாளிகள் வருவது கிட்டத்தட்ட நின்றேபோனது. 1978இல் டோக்கியோ நீதிமன்றம் நிறுவனங்களையும் அரசையும் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. இதில் எனக்கு ஆறவே ஆறாத இடம் ஒன்று உண்டு. இந்த மருந்து வயிற்று வலியையும் உண்டாக்கும். வலி கூடியதும் டாக்டர்கள் அதே மருந்தின் அளவைக் கூட்டினார்கள்.

ஜப்பான் நிறுத்திய பிறகும் கிளியோகுயினால் இந்தியாவில் பல வருஷம் விற்றது. என் தாத்தா தலைமுறைக்கு என்டெரோ-குயினால், மெக்ஸாஃபார்ம் எல்லாம் வீட்டுப் பெயர்கள். ஓலே ஹான்சன் என்ற ஸ்வீடன் நாட்டுக் குழந்தை நரம்பியல் மருத்துவர் 1985இல் தான் இறக்கும்வரை இதற்காகப் போராடினார். ஸ்மான் கற்றுக்கொடுத்தது ஒரே பாடம். வயிற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கால் மரத்தால் முதலில் மாத்திரையைப் பார். அந்தப் பாடம் தர்மபுரிக்கு வந்து சேர இன்னும் எத்தனை வருஷம் வேண்டும்?

இந்த இடத்தில் வழக்கமாக மூன்று பதில்கள் வரும்.

முதல் பதில்: இது அபூர்வம். ஒரு வாரக் கோர்ஸில் அபூர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாள்பட்ட குடல் நோயாளி ஒரு வாரக்காரர் இல்லை. அவர் வாழ்நாள் வாடிக்கையாளர். ஒவ்வொரு முறையும் புதுசாக ஐந்து நாள் என்று எழுதுகிற டாக்டருக்கும், புதுசாக ஒரு அட்டை வெட்டுகிற கடைக்காரருக்கும் அது சின்னக் கணக்கு. மொத்தக் கணக்கு நோயாளியின் நரம்பில் மட்டும்தான் ஏறுகிறது. அதை எழுதி வைக்க ஒரு நோட்டுகூடக் கிடையாது. கூட்டிப் பார்க்காமலே அபூர்வம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது பதில்தான் எனக்குக் கோபம் வரவைப்பது: "இதையெல்லாம் சொன்னா கிராமத்து ஜனங்க பயந்துடுவாங்க. மாத்திரையே போட மாட்டாங்க."

இதற்குச் சித்தப்பாவே பதில். அவருக்கு க்ரோன் என்று தெரிவதற்கு முன்னால் குடல் டிபி என்று நினைத்தார்கள். தப்பில்லை. இந்தியாவில் இரண்டையும் பிரித்தறிவது பெரிய டாக்டர்களுக்கே சிரமம். ஸ்கோப்பில் இரண்டும் ஒரே மாதிரி புண், ஒரே மாதிரி சுருக்கம். சந்தேகத்தில் டிபி மருந்து கொடுத்துப் பார்த்து, புண் ஆறவில்லை என்றால் க்ரோன் என்று முடிவுக்கு வருவது இங்கே வழக்கம். அப்படி ஆறு மாதம் அவர் டிபி மாத்திரை சாப்பிட்டார். அதில் ஐசோனியசிட் நரம்பைத் தாக்கக்கூடியது. கூடவே பைரிடாக்ஸின் என்ற பி6 மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம், கொடுத்தார்கள். எத்தாம்பூட்டால் கண் நரம்பைத் தொடக்கூடியது. முதலில் சிவப்பு, பச்சை நிறம் மங்கும்.

மாத்திரை கொடுத்த அந்த அக்கா சித்தப்பாவிடம் என்ன சொன்னாராம் தெரியுமா? "அண்ணா, நீங்க தக்காளி மண்டியில தான இருக்கீங்க? காயும் பழமும் கலர்ல பிரிச்சுப் பாக்கத் தெரியுதான்னு தெனம் பாருங்க. தெரியலன்னா அன்னிக்கே வந்துடுங்க. காலு எரிஞ்சாலும் வந்து சொல்லுங்க. நீங்களா மாத்தர நிறுத்திடாதீங்க." சித்தப்பா பயப்படவில்லை. ஆறு மாதமும் ஒரு வேளை விடாமல் போட்டார். தினமும் காலையில் கூடையைப் பார்த்து, "இது காய், இது பழம்" என்று சித்தியிடம் சொல்லிச் சிரிப்பாராம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய ஒரு மனிதர் தன் கண் நரம்பைத் தானே கண்காணித்தார். அதற்குத் தேவைப்பட்டது தமிழில் நாலு வாக்கியம்.

அதே மனிதர்தான் பிறகு வருஷக்கணக்கில் இன்னொரு நரம்பு மருந்தைச் சாப்பிட்டார். அப்போது யாரும் ஒரு வாக்கியம் சொல்லவில்லை. மூளை இரண்டு சமயத்திலும் ஒன்றுதான். ஜனங்களுக்குப் புரியாது என்பவர்கள் ஒரு தடவையாவது சொல்லிப் பார்த்துவிட்டு அதைச் சொல்லட்டும்.

மூன்றாவது பதில்: டாக்டருக்கு நேரம் இல்லை. உண்மை. அரசு ஆஸ்பத்திரி ஓபி வரிசையைப் பார்த்தவன் நான், அந்த டாக்டரைக் குறை சொல்ல மனசு வராது. அதனால்தான் இது டாக்டரின் வாயை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்கிறேன். நேரமில்லாத இடத்தில் அச்சடித்த எழுத்து பேச வேண்டும்.

அச்சைப் பாருங்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆங்கிலத்தில், எறும்பு அளவு எழுத்தில் இருக்கிறது. கத்தரி அதன் மேலேயே ஓடும். நரம்பு பற்றிய எச்சரிக்கை டாக்டர்களுக்கான குறிப்பில் ஆங்கிலத்தில் இருக்கிறது. வெட்டி வாங்குகிறவர் கைக்கு அது வருவதே இல்லை. ஆனால் ஒன்று மட்டும் தமிழில் கிடைக்கிறது! 2010இல் தொடங்கிய இந்திய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தில், பக்கவிளைவு வந்தால் நோயாளியே புகார் செய்வதற்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. 1800-180-3024 என்று இலவச எண்ணும் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் வரிசையை யோசியுங்கள். எது பக்கவிளைவு என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, வந்தால் தமிழில் எழுதிக் கொடு என்கிறோம். கால் மரப்புக்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்றே தெரியாத ஆள் எதைப் புகார் செய்வார்? தண்ணியையா?

இன்னொரு பக்கத்திலிருந்தும் எனக்கு ஆதரவு வரும். எனக்கு வேண்டாத ஆதரவு. "நாங்க அப்பவே சொன்னோம், இங்கிலீஷ் மருந்தே விஷம்." அந்தக் கூட்டத்தோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மெட்ரோனிடசோலும் ஃப்ளூரோகுயினலோனும் சரியான நோய்க்கு, சரியான நாளுக்குக் கொடுத்தால் உயிர் காப்பவை. க்ரோனில் ஆசனவாய்ப் பக்கம் சீழ் வைத்தால் இதே மருந்துகள் வேண்டியிருக்கும். டிபிக்காரர் பயந்து மாத்திரையை நிறுத்தினால் அவரும் சாவார், வீட்டுக்கும் பரப்புவார். மருந்தே வேண்டாம் என்பவனும், மருந்தைப் பற்றிப் பேசாதே என்பவனும் நோயாளியைக் குழந்தையாகத்தான் பார்க்கிறார்கள். ஒருவன் பூச்சாண்டி காட்டுகிறான், இன்னொருவன் கண்ணை மூடு என்கிறான்.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இலிருந்து இருக்கிறது. அரசு மாத்திரை அட்டையில் விற்பனைக்கு அல்ல என்று அச்சடிக்க வைக்கத் தெரிந்த அமைப்புக்கு, "கால் மரத்தால் அட்டையோடு டாக்டரிடம் வாருங்கள்" என்று தமிழில் ஒரு வரி அச்சடிக்க வைப்பது கஷ்டமா? பக்கத்திலிருக்கும் கேரளத்தில் ஆன்டிபயாட்டிக்கைத் தனியாக நீல உறையில் போட்டுக் கொடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சுகருக்கும் பிரஷருக்கும் வீட்டு வாசலுக்கு மாத்திரை கொண்டுவருகிற அந்தப் பெண்கள் "வேற என்ன மாத்திரை போடுறீங்க, எவ்வளவு நாளா?" என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் போதும். நாள்பட்ட குடல் நோயாளிக்கு ஒரு நோட்டு கொடுங்கள். எந்த ஆன்டிபயாட்டிக், எத்தனை நாள் என்று யார் கொடுத்தாலும் அதில் எழுத வேண்டும். பி12 எப்போது பார்த்தார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் வெட்டிக் கொடுப்பதைத் தடுக்கச் சட்டம் ஏற்கனவே இருக்கிறது. அதை நடத்திக் காட்டச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இனி என் பங்கு. வேலையில் ஒரு சின்ன லைப்ரரியை அப்டேட் செய்வதென்றால்கூட என்ன மாறியிருக்கிறது என்று கடைசி வரி வரை படிப்பவன் நான். சித்தப்பா வாங்கிய மாத்திரைக்கு மாதாமாதம் பெங்களூரிலிருந்து கடைக்காரர் போனுக்குப் பணம் அனுப்பியதும் நான்தான். "என்ன மாத்திரை?" என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இருநூறு, முன்னூறு ரூபாய். பாசத்தைக் காட்ட அது சுலபமான வழி. ஊரை விட்டு வந்த என் தலைமுறையில் நிறையப் பேர் இப்படித்தான் வீட்டுக்கு மருந்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம். இதைப் படிக்கிற உங்களுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். இன்றைக்கு வீட்டுக்குப் போன் போட்டு, அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படியுங்கள். படித்ததை அவர்கள் பாஷையில் அவர்களுக்குச் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள், டாக்டரிடம் கொண்டுபோய்க் கேட்கச் சொல்லுங்கள்.

அந்த மாத்திரையை நிறுத்திப் பத்து மாதம் ஆகிறது. பி12 குறைவாக இருந்தது, அதற்கும் மருந்து ஓடுகிறது. க்ரோனுக்கு இப்போது ஒழுங்கான சிகிச்சை. கை விரல் எரிச்சல் போய்விட்டது. பாதத்தில் பாதி வந்திருக்கிறது. விரல்கள் இன்னும் வரவில்லை. சுமை தூக்குவதை விட்டுவிட்டார், மண்டியில் கணக்கு எழுதுகிறார். போன பொங்கலுக்குப் போனபோது பின்பட்டை வைத்த செருப்பு போட்டிருந்தார். "இது கழறாது பாரு" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் குறை சொல்லாத குரலில் கேட்டார்:

"டிபி மாத்தரைக்குச் சொன்னாங்க இல்ல, இதுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனா கண்ணு?"

கேட்டிருப்பார். தக்காளிக் கூடையைப் பார்த்தே தன் கண்ணைப் பரிசோதித்த மனிதர் அவர்.